நான்கு ராமும் மாரிசெல்வியும்

எங்கள் கம்பெனியில் மாரிசெல்வியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சிஸ்டம்" என்றுதான் கூப்பிடுவார்கள். "சிஸ்டம் சாப்பிடப் போயிருக்கு", "சிஸ்டத்துக்குக் காய்ச்சலாம், இன்னிக்கு லீவு" என்று பேசிக்கொள்வதைக் கேட்டுப் புதிதாக வந்த கஸ்டமர் ஒருவர் ஆடிப்போயிருக்கிறார். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை, கையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு. அவ்வளவுதான் எங்கள் சிஸ்டம். ஆனால் இந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. கிட்டத்தட்ட வராமலே போயிருக்கும், அதற்குக் காரணம் நானாகத்தான் இருந்திருப்பேன். அதனால் அவளைப் பற்றிச் சொல்லும் உரிமை எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன்.

நான் அப்பாவு. பிள்ளைப்பாக்கத்துக்காரன். ஒரகடத்தில் கார்களுக்கு இரும்பு பிராக்கெட் அடித்துத் தரும் இந்தக் கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். என் ஸ்டோரில் இண்டெண்ட் சீட்டு இல்லாமல் ஒரு குண்டூசி வெளியே போகாது. ஜி.எம். சண்முகசுந்தரமே வந்து பேனா கேட்டாலும் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போவார். என்னைக் கறார் பேர்வழி என்று சொல்வார்கள். சொல்லட்டும். கறாராக இல்லாத ஸ்டோர் சந்தைக்கடை ஆகிவிடும்.

மாரிசெல்வி 2010இல் வந்தாள். சாத்தான்குளத்துக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்திருந்தாள். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறான். இங்கே வந்து இறங்கியதும் சாம்பல் நிற காண்ட்ராக்ட் யூனிபாரத்தைக் கொடுத்து இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நிற்க வைத்துவிட்டார்கள். ஷிப்டுக்கு இரண்டாயிரம் பிராக்கெட்டைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, பிசிறு இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். மூன்று வருஷம் அதைச் செய்தாள். அழவும் இல்லை, ஊருக்குத் திரும்பவும் இல்லை. ஊரில் அவள் அம்மாவுக்கு மட்டும் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாள்: கம்ப்யூட்டர் வேலைதான், ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்று. அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு, "ஆர்டர் வந்துட்டுதா?" என்று கேட்பார்களாம். பக்கத்து வீட்டில் எல்லாரும் கேட்கிறார்களே, காட்ட வேண்டாமா என்பது அவர்கள் கவலை.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் வந்ததே தற்செயலாகத்தான். ஒருநாள் லேபிள் அடிக்கும் மெஷின் மக்கர் பண்ணி, லாரி வாசலில் நிற்க, சிஸ்டம் பார்த்த ஆள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். டேபிளிலிருந்து இவள் வந்து, ரிப்பன் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் நின்றுகொண்டாள். அதற்கப்புறம் எது நின்றாலும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். 2013இல் அந்த ஆள் வேறு வேலைக்குச் சென்னை போய்விட, "ஆள் எடுக்கற வரைக்கும் நீ பாத்துக்கோ" என்று சிஸ்டம் ரூமில் இவளை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தாளே தவிர, அந்த நாற்காலி அவளுடையதில்லை. அதே சாம்பல் யூனிபாரம், அதே காண்ட்ராக்ட். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் டீ டைமில் என் ஸ்டோர் கவுண்டரில் வந்து நின்றுதான் டீ குடிப்பாள். என்னிடம் கத்திப் பேசாத ஒரே ஆள் அவள்தான்.

அந்த வருஷம் நாங்கள் சப்ளை செய்யும் கார் கம்பெனி ஒரு புது உத்தரவு போட்டது. ஒன்றாம் தேதி முதல் அவர்கள் சொல்லும் புது சாஃப்ட்வேரில் அடித்த லேபிள் ஒட்டிய பெட்டிதான் உள்ளே வரலாம், மற்ற லாரி எல்லாம் வாசலோடு திரும்பவேண்டியதுதான். எங்கள் பழைய சர்வரில் அந்த சாஃப்ட்வேர் ஏறாது. புது சர்வர் வாங்கி, புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு, அதன் மேல் இதை ஏற்ற வேண்டும். சென்னைக்காரர்கள் ஒரு கம்பெனி வருஷக் காண்ட்ராக்ட் கேட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள். மாரிசெல்வி ஜி.எம். ரூமுக்குப் போய், நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னதை, வெளியே வந்து என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள லேபிள் வரணும். வந்துச்சுன்னா ரூம் உனக்கு, கம்பெனி ரோல்லயே பர்மனென்டா எடுத்துக்கறேன். வரலைன்னா சென்னைக்காரங்களைக் கூப்பிடுவேன், நீ டேபிளுக்கே போயிடு."

சர்வர் பெட்டி ஏற்கனவே வந்திருந்தது, ஒரு மெமரிக் குச்சியோடு. புது சாஃப்ட்வேருக்கு அது போதாது, இன்னும் நாலு வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். மெமரிக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் ராம் என்று பெயர். புதன்கிழமை காலையில் கூரியர்காரன் கொண்டுவந்தபோது, கேட்டில் இருந்த செக்யூரிட்டி "ராம் - 4" என்று கவரில் இருந்ததைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டு, வடநாட்டுப் பசங்க நாலு பேர் வேலைக்குச் சேர வந்திருக்கிறார்களா, கவர் மட்டும்தான் வந்திருக்கிறது, ஆளைக் காணோமே என்று கேட்டான். நான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். பிரித்து, நாலையும் எண்ணி, ரெஜிஸ்டரில் ஏற்றி, ஸ்டோர் முறைப்படி செய்ய வேண்டியதை எல்லாம் செய்து, மறுபடி கவரில் போட்டு சிஸ்டம் ரூமுக்கு அனுப்பினேன். இண்டெண்ட் சீட்டில் கையெழுத்து வாங்கத் தவறவில்லை.

அன்று மதியம் டீக்கு அவள் வந்தபோது முகம் சரியில்லை. சர்வரோடு வந்த ஒற்றைக் குச்சியோடு மெஷின் ஒழுங்காக எழுந்திருக்கிறது. புது நாலையும் மாட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற ஆரம்பித்தால், முப்பத்தேழு சதவீதத்தில் ஏதோ ஒரு ஃபைல் கெட்டிருக்கிறது என்று நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை அறுபத்திரண்டில், வேறொரு ஃபைல் கெட்டிருக்கிறது என்றது. சிடியில் கோளாறு என்று நினைத்து வேறு சிடி போட்டாள். அது பத்தொன்பதிலேயே திரையை நீலமாக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"ஃபைல் கெட்டிருந்தா ஒரே எடத்துல தாம்ணே நிக்கணும். ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல நிக்கிதுன்னா மெமரியிலதான் சேட்டை" என்றாள்.

எனக்கு இதெல்லாம் புரியாத பாஷை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

மெமரியைச் சோதிக்கத் தனியாக ஒரு சிடி இருக்கிறதாம். அதைப் போட்டால் திரையில் வெள்ளை எழுத்து ஓடும். கோளாறு இருந்தால் சிவப்பு வரி விழும். விழுந்தது. ஒன்றிரண்டு இல்லை, திரை முழுக்க. வியாழக்கிழமை காலை முழுக்க அவள் நாலு குச்சியையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, சர்வருக்குள் குச்சி மாட்டும் ஒவ்வொரு பள்ளத்திலும் மாட்டி, நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். எந்தக் குச்சி, எந்தப் பள்ளம், பாஸா ஃபெயிலா. இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் மூன்று வருஷம் நின்ற பழக்கம் அது. ஆனால் கட்டத்தில் ஒரு ஒழுங்கும் தென்படவில்லை. இப்போது பாஸ் ஆன குச்சி, அரைமணி கழித்து அதே பள்ளத்தில் ஃபெயில். கழற்றி மாட்டினால் மறுபடி பாஸ். கடைசியில் ஒன்று நடந்தது, அதில்தான் அவள் நோட்டை மூடி வைத்துவிட்டாள். முந்தின நாள் ஒழுங்காக ஓடிய, சர்வரோடு வந்த பழைய குச்சியை மாட்டிப் பார்த்தால் அதுவும் சிவப்பு காட்டியது.

மதியம் சென்னைக் கம்பெனிக்காரன் வந்தான். ஜி.எம். வரவழைத்திருந்தார். டை கட்டியிருந்தான். அவளுடைய நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சர்வரின் மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான். அனுபவம் இல்லாத கை பட்டு போர்டே போய்விட்டது, இனி வாரண்டியும் வராது என்று ஜி.எம்.மிடம் சொன்னான். அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனுடைய கேட் பாஸில் கையெழுத்துப் போடாமல் ஒருமணி நேரம் உட்கார வைத்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

ஜி.எம். அவளைத் திட்டவில்லை. சனிக்கிழமை என்று சொன்னேன், சனிக்கிழமை வரைக்கும் பார், என்றார். அதைக் கேட்டுவிட்டு அவள் என் கவுண்டருக்கு வந்தாள். டீயைத் தொடவில்லை.

"நல்லா இருந்த மெஷின நானே கெடுத்துட்டேம்ணே" என்றாள். "எங்கம்மாட்ட என்னத்தச் சொல்ல?"

கண் நிறைந்துவிட்டது. என் வீட்டில் இரண்டும் பையன்கள், பெண் பிள்ளை அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினேன். சீட்டு இல்லாமல்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் நடந்ததை அவளே சொல்லிக் கேட்டேன். ஒரகடத்தில் ஒரு அறையில் நாலு பெண்களாகத் தங்கியிருந்தார்கள். அதில் செல்லக்கனி என்கிற பெண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை. அங்கே தொப்பி, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டுதான் உள்ளேயே விடுவார்கள், தலையில் தேங்காய் எண்ணெய் வாடைகூட வரக்கூடாது. காலையில் மாரிசெல்வி அவளுக்குச் சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாளாம்.

"ஏட்டி, உன் கைல அந்தக் கம்பெனி எண்ணெ வாடை அடிக்கி. மறுபடியும் டேபிளுக்கே போட்டுட்டாவளா?"

மாரிசெல்வி முதலில் கோபப்பட்டிருக்கிறாள். அப்புறம் கையை முகர்ந்து பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் கம்பெனியில் யாருக்குமே தெரியாது. இரும்பில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் ரஸ்ட் ஆயில் நெடியிலேயே நாளெல்லாம் கிடப்பதால் எங்கள் மூக்குக்கு அது காற்று மாதிரி. ஆனால் செல்லக்கனி பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே. ஒரு மாதமாக ஒரு பிராக்கெட்டையும் தொடவில்லை, நேற்று முழுக்கத் தொட்டது அந்தக் குச்சிகளை மட்டும்தான், பிறகு இந்த வாடை எங்கிருந்து வந்தது? பாதிப் பின்னலோடு அவளை விட்டுவிட்டு இவள் கிளம்பிவிட்டாள்.

எட்டு மணிக்கு நான் ஸ்டோர் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணே, அந்த ராமுக்கு எண்ணெ போட்டியளா?"

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 2009 மழைக்காலத்தில் என் ஸ்டோரில் இருந்து போன ஒரு லாட் பிராக்கெட் துருப்பிடித்துக் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. ஜி.எம். அத்தனை பேர் முன்னிலையில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். எல்லாப் பொருளுக்கும் எண்ணெய் தடவ வேண்டும் என்று ஸ்டோர் சுவரில் ஒரு போர்டும் ஏறியது. அன்றிலிருந்து ஸ்டோருக்குள் எது வந்தாலும் துணியை ரஸ்ட் ஆயிலில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் ரேக்கில் வைப்பேன். பிராக்கெட், போல்ட், கத்திரிக்கோல், பூட்டு, ஸ்டேப்லர், எதுவும் தப்பாது. அதனால் அவள் கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பெண் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாளே என்று.

"போடாம வுடுவனா? நாலுத்துக்கும் என் கையாலதான் போட்டேன். அந்தத் தங்கக் கலர் ஓரம் கீது பாரு, அது பித்தளை, களிம்பு ஏறிடும்னு அதுக்கு மட்டும் ரெண்டு தபா இழுத்துவுட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டத்தான் போனாள் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அடுத்த நிமிஷம் அவள் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். குனிந்து, நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள். கேண்டீனுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

அப்புறம்தான் விளக்கினாள். அந்தத் தங்க ஓரம்தான் மெமரியின் வாய். அது பள்ளத்துக்குள் இருக்கும் கம்பிகளை ஒட்டி உட்கார்ந்தால்தான் பேச்சு நடக்கும். நடுவில் எண்ணெய் ஏடு கட்டியிருந்தால் ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் தொடாது. அதனால்தான் ஒவ்வொரு தடவை வேறு வேறு இடத்தில் நின்றிருக்கிறது. இவள் மாற்றி மாற்றி மாட்டியதில் எல்லாப் பள்ளத்திலும் எண்ணெய் ஏறி, நன்றாக இருந்த பழைய குச்சிக்கும் ஒட்டிக்கொண்டது. போர்டு போகவில்லை, எதுவும் போகவில்லை.

எனக்குக் காது மடல் சுட்டது. மூன்று நாளாக இந்தப் பிள்ளை பட்ட பாட்டுக்கு நான்தான் காரணம், அதுவும் என்ன பெருமையோடு. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் அதற்கெல்லாம் நேரம் இல்லை என்று கையை நீட்டினாள். எழுதியதை அழிக்கும் ரப்பர் ஆறு, லேபிள் மெஷினின் தலையைத் துடைக்கும் ஸ்பிரிட் ஒரு பாட்டில், கெட்டி அட்டை கொஞ்சம். இண்டெண்ட் எழுத நோட்டைத் திறந்தவளைத் தடுத்து, எடுத்துக்கோ என்றேன். என் சர்வீஸில் அது இரண்டாவது தடவை.

அன்று காலை நான் ஸ்டோரைப் பூட்டிவிட்டு சிஸ்டம் ரூமில் உட்கார்ந்து குச்சி தேய்த்தேன். சும்மா தேய்க்க விடவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள். உடம்பில் இருக்கும் கரண்டு இறங்க வேண்டும் என்று முதலில் மெஷினின் இரும்பு உடம்பைத் தொடச் சொன்னாள். ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், எச்சில் தொட்டுத் துடைக்கக் கூடாது, வாயால் ஊதக் கூடாது. நான் ஸ்டோரில் போடும் கட்டளைகள் எல்லாம் எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அன்றுதான் புரிந்தது. ரப்பரால் தேய்க்கத் தேய்க்க வெள்ளை ரப்பர் மஞ்சளாகி, அப்புறம் கறுத்தது. அவள் அட்டையை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விட்டு இழுத்தாள். பதினோரு மணிக்கு எல்லாவற்றையும் உலர வைத்து, மாட்டி, சோதனை சிடியைப் போட்டாள்.

வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்தது. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிவப்பு வரவில்லை. டீ டைமில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் பெண்கள் எல்லாம் கதவில் வந்து எட்டிப் பார்த்தார்கள். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. யாரோ ஒருத்தி, "அப்பாவு அண்ணே, ராமருக்கு எண்ணெக்காப்பு பண்ணிட்டீங்களாமே" என்றாள். அவளை முறைத்தேன். பயன் இல்லை, அதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதல் சுற்று முடிந்து, கோளாறு பூஜ்யம் என்று வந்தது. இரண்டாவது சுற்றும் பூஜ்யம். மூன்றாவதும் பூஜ்யம் என்றதும் அவள் சிடியை மாற்றி ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற ஆரம்பித்தாள்.

முப்பத்தேழு சதவீதம் வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னா ஆச்சு, சொல்லட்டா?" என்றேன். "சொல்லாதிய" என்றாள். முப்பத்தெட்டு ஆனது. பத்தொன்பது, முப்பத்தேழு, அறுபத்திரண்டு எல்லாம் தாண்டிப் போய் நூறு என்று வந்து நின்றபோது மணி மூன்றே கால்.  பூஜை முடிந்த மாதிரி எழுந்து நின்று கைகூப்பிவிட்டேன், எதற்கென்று தெரியவில்லை. அவள் சத்தமில்லாமல் இரண்டு குதி குதித்துவிட்டு, உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு அடுத்த வேலையை ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு முதல் லேபிள் வந்தது. சாயங்காலம் வரை போகவே இல்லை. அந்த லேபிளோடு போன லாரியைக் கார் கம்பெனி கேட்டில் ஸ்கேன் செய்து உள்ளே விட்டுவிட்டார்கள் என்று டிரைவர் போன் பண்ணினான். எல்லாரும் கை தட்டினார்கள். அப்போதுதான் ஜி.எம். ஒய்-ஒய் ஷீட் கேட்டார்.

கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஏதாவது தப்பு நடந்தால், ஏன் நடந்தது என்று ஐந்து தடவை கேட்டு, ஐந்து பதிலையும் ஒரு தாளில் எழுத வேண்டும். ஐந்தாவது ஏனுக்கு வரும் பதில்தான் உண்மையான காரணம். கீழே பொறுப்பு யார் என்று ஒரு கட்டம், சம்பந்தப்பட்ட பிரிவின் கையெழுத்து என்று ஒரு கட்டம். ஆடிட்டுக்குப் போகும் என்பதால் இங்கிலீஷில் எழுத வேண்டும். புது சர்வர் மூன்று நாள் நின்றதே, அதற்கு ஷீட் வேண்டும் என்றார் அவர்.

அவள் என் கவுண்டரில் வைத்துத்தான் எழுதினாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். எதிலும் என் பெயர் இல்லை. ஸ்டோர் என்ற சொல்லே இல்லை. மெமரியை எப்படிக் கையாள வேண்டும் என்று முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை, அறிவித்திருக்க வேண்டியவர் மாரிசெல்வி, என்று முடித்துவிட்டு, பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் பதவி என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். என்ன பதவி என்று அவளுக்கே தெரியாதே.

இன்னா இது என்று கேட்டேன். உங்களுக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ் அண்ணே, இந்தத் தாள் ஃபைலில் கிடந்து உங்களை உறுத்த வேண்டாம், நான் எழுதிக்கொள்கிறேன் என்றாள். அவளுக்கு இருந்ததே ஒரே ஒரு வாய்ப்பு. அதன் மேல் தானே கரியைப் பூசிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தாளைப் பிடுங்கி, கடைசி இரண்டு ஏனையும் அடித்துவிட்டு, நாலாவதில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஸ்டோரில் எண்ணெய் தடவியதால் என்று எழுதினேன். ஐந்தாவது ஏன்: ஏன் தடவினார்? எல்லாப் பொருளுக்கும் எண்ணெய் தடவ வேண்டும் என்று ஸ்டோரில் போர்டு இருப்பதால். கீழே சம்பந்தப்பட்ட பிரிவு என்ற கட்டத்தில், அப்பாவு என்று தமிழில் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் தமிழ்தான்.

ஜி.எம். அந்தத் தாளை நின்றபடியே படித்தார். நாலாவது வரியில் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வருகிறது வரட்டும் என்று நின்றேன். ஐந்தாவது வரிக்கு வந்ததும், அந்த போர்டை எழுதி வைத்தது யார் என்று கேட்டார்.

"நீங்கதான் சார். அடியில உங்க சைனு கீது" என்றேன்.

 அவர் தாளை மேஜையில் வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், அப்புறம் தோள் குலுங்கியது. மனுஷர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பேனாவை எடுத்து, பொறுப்பு என்ற கட்டத்தில் மாரிசெல்வி பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். அப்புறம் அவள் காலியாக விட்டிருந்த கட்டத்தைப் பார்த்தார். ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. அவரே சிஸ்டம்ஸ் இன்சார்ஜ் என்று எழுதி, திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "சார், இன்சார்ஜுன்னு போட்டிருக்கிய. எனக்குக் கீழ யாரு சார் இருக்கா?"

"யாரும் இல்ல. உனக்கு மேலயும் யாரும் இல்ல. போய் வேலையப் பாரு."

வெளியே வந்ததும் வராண்டாவிலேயே அழுதாள். இந்தத் தடவை பிஸ்கட் தேவைப்படவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தத் தாளில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். முறையான ஆர்டர் லெட்டர் ஹெச்.ஆர்.காரர்கள் புண்ணியத்தில் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவரை ஊரில் காட்டுவதற்கு அவளிடம் இருந்தது அந்த ஒய்-ஒய் ஷீட் ஒன்றுதான். அதையே தபாலில் அனுப்பிவிட்டாள்.

மறுவருஷம் அவள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டாள். நானும் என் வீட்டுக்காரியும் போயிருந்தோம். நடு வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், அந்தத் தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. மெமரியில் கோளாறு, எண்ணெய், ஐந்து ஏன், எல்லாம் அப்படியே. அவள் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தாள் முழுக்க அவர்களால் படிக்க முடிந்த சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரையும் சுவர்ப் பக்கம் அழைத்துப்போய், விரலை அந்தச் சொல்லின் அடியில் வைத்துக் காட்டினார்கள்.

"இந்தா, அப்பாவுன்னு எழுதியிருக்குல்லா? எம் மவளுக்கு ஆர்டர் போட்ட ஆபீசரு. அன்னா, அவியதான் பந்தியில உக்காந்திருக்காவ."

மாரிசெல்வி வாளியோடு நின்றபடி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா வந்து என் இலையில் மட்டும் இன்னும் இரண்டு கரண்டி கறி போட்டுவிட்டுப் போனார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.